எடை குறைந்த செகண்ட் ஹேண்ட் பேஸ் கிட்டார்: மீண்டும் வாசிக்க வருபவர்களுக்கான வழிகாட்டி

தமிழ்நாடு–கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு இரு பக்கமும் பேஸ் கிட்டார் வாசிக்கத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். மார்த்தாண்டம், நாகர்கோவில் வட்டாரத்துத் தேவாலயப் பாடற்குழுக்களிலும், பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்துக் கானமேளக் (மேடை இசைக்) குழுக்களிலும் இளம் வயதில் வாசித்த பலர், வளைகுடா வேலை, வீடு கட்டுதல், பிள்ளைகளின் படிப்பு என்று பல ஆண்டுகள் கருவியைத் தொடாமலே இருந்துவிட்டு, ஊரில் வந்து நிலைத்தபின் மறுபடியும் வாசிக்க ஆசைப்படுகிறார்கள். விரல்களுக்குச் சில வாரங்களிலேயே பழக்கம் திரும்பிவிடுகிறது. தோளும் கழுத்தும் இடுப்பும்தான் ஒத்துழைக்க மறுக்கின்றன. நான்கு கிலோவுக்கு மேல் கனக்கும் ஒரு கருவியை ஒரே தோளில் தொங்கவிட்டு ஒன்றரை மணி நேர ஆராதனை முழுவதும் நிற்பது, இருபது வயதில் உறைக்காத பாரம், ஐம்பது வயதில் உறைக்கிறது.

அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். மீண்டும் தொடங்குபவர் புதிய கருவி வாங்க வேண்டிய அவசியம் இல்லை. கம்பெனிப் பெயரை மட்டும் நம்பியும் வாங்கக்கூடாது. தராசில் நிறுத்து, ஸ்ட்ராப் (தோள்பட்டி) மாட்டி நின்று பார்த்து வாங்க வேண்டும். புதிய கருவி கடையை விட்டு வெளியே வந்ததுமே அதன் விலையில் கணிசமான பகுதி போய்விடுகிறது. அந்த நட்டத்தை முதல் உரிமையாளர் ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட ஒரு கருவியை நியாயமான விலைக்கு வாங்கி நன்றாக வைத்துக்கொண்டால், ஆறு மாதம் வாசித்த பிறகும் ஏறக்குறைய அதே விலைக்குக் கைமாற்றிவிடலாம். எந்த எடையும் எந்த நீளமும் தன் உடம்புக்கு ஒத்துவரும் என்பது வாசித்துப் பார்த்தால்தான் தெரியும் என்பதால், இப்படி மாற்றிப் பார்க்கும் வசதி பெரிய வசதி.

எத்தனை கிலோ தாங்கும்

முழு நீளமுள்ள நான்கு கம்பி மரக் கருவி பெரும்பாலும் 3.6 கிலோவிலிருந்து 4.5 கிலோவுக்குள் இருக்கும். ஐந்து கம்பி என்றால் இன்னும் கொஞ்சம் கூடும். 3.5 கிலோவுக்குக் கீழே இருப்பதை இலகுவானது என்று கொள்ளலாம். தோளிலோ கழுத்திலோ ஏற்கெனவே தொந்தரவு உள்ளவர்கள் 3.2 கிலோவுக்குள் தேடுவது நல்லது. கழுத்து எலும்பில் தேய்மானம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், பணம் கொடுக்கும் முன்பே அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கான அளவைக் கண்டறிய, பாடற்குழுவில் இருக்கும் ஒருவரிடம் கருவியை இரவல் வாங்கி, முக்கால் மணி நேரம் நின்றபடியே வாசித்துப் பாருங்கள். அப்போது வலிக்கிறதா என்பதைவிட மறுநாள் காலையில் தோள் எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். அந்தக் கருவியின் எடையை ஒரு தாளில் குறித்து வையுங்கள். இனி நீங்கள் பார்க்கப்போகும் ஒவ்வொரு கருவிக்கும் அதுவே அளவுகோல்.

மாடல் பெயரை வைத்து எடையைத் தீர்மானிக்க முடியாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரே தொழிற்சாலையில் ஒரே ஆண்டில் வந்த இரண்டு கருவிகளுக்கு இடையே அரைக் கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருப்பது சாதாரணம். மரத்தின் அடர்த்தி மரத்துக்கு மரம் மாறுகிறது; ஒரே பெயர் கொண்ட ஆஷ் மரத்திலேயே சதுப்பு நிலத்தில் வளர்ந்தது இலகுவாகவும் மற்றது கனமாகவும் இருக்கிறது. ஆகவே இணையத்தில் யாரோ எழுதிய எடையை நம்பாமல், நீங்கள் வாங்கப்போகும் அந்த ஒரு கருவியின் எடையைக் கேளுங்கள்.

நீளத்தைக் குறைப்பது

ஃபெண்டர் நிறுவனம் 1951இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது கம்பியின் ஒலிக்கும் நீளத்தை 34 அங்குலமாக வைத்தது. இன்றுவரை பெரும்பாலான பேஸ் கிட்டார்களுக்கு அதுதான் நீளம். இதற்குப் பதிலாக 30 அங்குல நீளமுள்ள ஷார்ட் ஸ்கேல் கருவிகளும் இருக்கின்றன. முதல் நான்கு ஃப்ரெட்டுகள் (விரல் பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) அடங்கும் தூரம் 34 அங்குலக் கருவியில் சுமார் 178 மில்லிமீட்டர். 30 அங்குலக் கருவியில் சுமார் 157 மில்லிமீட்டர். இந்த இரண்டு சென்டிமீட்டர் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் பல ஆண்டுகள் விரிக்காமல் இருந்த இடது கைக்கு, முதல் ஃப்ரெட்டில் சுட்டு விரலையும் நான்காவதில் சுண்டு விரலையும் வைக்கும்போது அது பெரும் ஆறுதல். இடது கை அவ்வளவு தூரம் நீள வேண்டியதில்லை என்பதால் தோளுக்கும் ஓய்வு கிடைக்கிறது. கருவியும் பொதுவாக இலகுவாகவே அமைகிறது.

இந்த வகையில் ஃபெண்டர் மஸ்டாங் பேஸ் 1966இல் வந்தது. அதன் மலிவான உறவினர் என்று ஸ்குவையர் பிராங்கோவைச் சொல்லலாம். ஐபனேஸ் மைக்ரோ இன்னும் குறுகலாக 28.6 அங்குலத்தில், மூன்று கிலோவை ஒட்டிய எடையில் கிடைக்கிறது. சிறுவர்களுக்கானது என்று பலர் ஒதுக்குவதால் விலையும் குறைவாகவே இருக்கும், பெரியவர்கள் தாராளமாக வாசிக்கலாம். வயலின் வடிவத்தில் 1956இல் வந்த ஹோஃப்னர் 500/1 உள்ளே குடைவானது என்பதால் இரண்டரைக் கிலோவை எட்டுவதே அரிது. அதே குடைவு காரணமாக, பெரிய ஆம்பின் (ஒலிபெருக்கியின்) எதிரே சத்தத்தைக் கூட்டி நிறுத்தினால் அது கூவத் தொடங்கும். சிறிய தேவாலயத்துக்கு ஏற்றது, திறந்தவெளி மேடைக்கு அவ்வளவாக ஏற்றதல்ல.

முழு நீளத்தை விட மனமில்லாதவர்களுக்கும் வழி உண்டு. ஐபனேஸ் எஸ்ஆர் வரிசையின் மெல்லிய பாடி (உடல்பகுதி) பெரும்பாலும் இலகுவானது. ஹெட்ஸ்டாக் (கம்பியை முறுக்கும் டியூனர்கள் இருக்கும் தலைப்பகுதி) இல்லாத கருவிகள் இன்னொரு வழி. ஐபனேஸ் 2020இல் கொண்டுவந்த ஈஎச்பி வரிசை இப்போது பழைய சந்தையிலும் அங்கங்கே தென்படுகிறது. ஹெட்ஸ்டாக் இல்லாத பழைய ஸ்டீன்பெர்கர் வகைக் கருவிகளை எடுக்கும்போது மட்டும் கவனம் தேவை. அவற்றில் பலவற்றுக்கு இரு முனையிலும் குமிழ் உள்ள தனிக் கம்பிகள் வேண்டும். நம் ஊர்க் கடைகளில் அவை கிடைப்பது கடினம்.

ஷார்ட் ஸ்கேல் கருவிக்கும் அதற்கென்று செய்த கம்பிகளைத்தான் போட வேண்டும். நீளமான கம்பியை வெட்டிப் போட்டால், தடித்த பகுதி டியூனரில் சுற்றிக்கொண்டு, சுற்றுக்கம்பி தளர்ந்துபோக வாய்ப்புண்டு. குறைந்த நீளத்தில் தடித்த ஈ கம்பி சற்றுத் தளர்வாக இருப்பதால் ஒலி மென்மையாக, உருண்டையாக வரும். பாமாலைக்கும் ஞானப்பாடலுக்கும் பழைய திரையிசைக்கும் அந்த ஒலி எனக்கு மிகவும் பிடிக்கும். கட்டை விரலால் தட்டி வாசிக்கும் ஸ்லாப் முறைதான் வேண்டும் என்பவர்கள் முழு நீளத்திலேயே இருக்கலாம்.

சமநிலை

எடை குறைந்ததைத் தேடுபவர்கள் பெரும்பாலும் இந்த ஒன்றைக் கவனிக்காமல் விடுகிறார்கள். பாடி இலகுவாகவும் நெக்கும் (கழுத்துப் பகுதியும்) டியூனர்களும் கனமாகவும் இருந்தால், கைகளை எடுத்ததும் ஹெட்ஸ்டாக் தரையை நோக்கிச் சரியும். அதைத் தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டிய இடது கை, மூன்று கிலோக் கருவியிலும் நான்கரைக் கிலோக் கருவியைவிடச் சீக்கிரம் சோர்ந்துவிடும். ஸ்ட்ராப் மாட்டும் மேல் கொம்பின் முனை ஏறக்குறைய 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேராக வந்தால் சமநிலை பொதுவாக நன்றாக இருக்கும். கொம்பு குட்டையான எஸ்ஜி வடிவக் கருவிகள் சரிவதற்குப் பெயர்போனவை.

சோதனை எளிது. ஸ்ட்ராப்பை மாட்டி நின்று, நெக்கைச் சற்றே மேல்நோக்கி வைத்து, இடது கையைக் கீழே அரை அடி தள்ளித் தயாராக வைத்துக்கொண்டு மெதுவாக விடுங்கள். இருந்த இடத்திலேயே நின்றால் நல்லது. மெல்ல இறங்கிப் படுக்கை நிலையில் நின்றுவிட்டால், உட்புறம் சொரசொரப்பான மூன்றரை அங்குல அகலத் தோல் ஸ்ட்ராப்பே அதைச் சரிசெய்துவிடும். விறுவிறுவென்று கீழே போனால், ஹிப்ஷாட் அல்ட்ராலைட் போன்ற எடை குறைந்த டியூனர்களை மாற்ற ஆகும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். நான்கு டியூனரிலும் சேர்த்து நூறு கிராமுக்கு மேல் குறையும்; நெக்கின் நுனியில் குறையும் எடை என்பதால் அதன் பலன் பெரிதாகத் தெரியும். பாடியின் பின்புறம் ஈயக்கட்டி ஒட்டுபவர்களும் உண்டு. எடை குறைக்கத்தானே இவ்வளவு அலைகிறோம், அது வேண்டாம்.

எப்போது, எங்கே தேடுவது

ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், பாடற்குழுக்களின் வாட்ஸ்அப் குழுக்கள், நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் உள்ள இசைக்கருவிக் கடைகள் ஆகிய எல்லாவற்றிலும் தேடலாம். தேடும் இடத்தைத் திருவனந்தபுரம் வரை நீட்டி வைத்தால் தெரிவு பல மடங்கு கூடும். ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிடலாம்.

காலம் பார்த்துத் தேடினால் விலையில் வித்தியாசம் தெரியும். கேரளத்தில் கோயில் உற்சவங்களும் கானமேளங்களும் மேட மாதத்தோடு பெரும்பாலும் ஓய்ந்து, கர்க்கடக மழையில் வாசிப்பவர்கள் வருமானமின்றி இருக்கும்போது கருவிகள் சந்தைக்கு வருகின்றன. அதுவே நமக்கு ஆடி மாதம். இங்கே கோட்டாறு சவேரியார் திருவிழா, பிறகு கிறிஸ்துமஸ் என்று வரும்போது, அக்டோபர், நவம்பரிலேயே பாடற்குழுக்கள் கருவி தேடத் தொடங்கிவிடும். அப்போது விலையைக் குறைக்க யாரும் இறங்கி வரமாட்டார்கள். ஆடியில் வாங்குவதும் ஐப்பசியில் விற்பதும் இந்த எல்லைப் பகுதிக்கு ஏற்ற கணக்கு.

போனிலேயே முடிக்க வேண்டியவை

பயணச் செலவு செய்யும் முன் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். முதலாவது, எடை. பயணப் பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் சிறிய டிஜிட்டல் தராசு வளைகுடா போய்வந்த எந்த வீட்டிலும் இருக்கும். அதில் கருவியைத் தொங்கவிட்டு, எண் தெரியும்படி படம் அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் பழைய பேப்பர் கடைத் தராசும் போதும். "ரொம்ப லைட் அண்ணா, கையில எடுத்தா தெரியவே தெரியாது" என்ற பதிலை எடையாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். இரண்டாவது, ஹெட்ஸ்டாக்கின் பின்புறம், சீரியல் எண், நெக் பாடியோடு சேரும் இடம், பிரிட்ஜ் (கம்பிகள் பாடியில் முடியும் பாகம்), ஃப்ரெட்டுகள் ஆகியவற்றின் தெளிவான படங்கள். மூன்றாவது, வாசிக்கும் வீடியோ. அதை ஹெட்போன் வைத்துத்தான் கேட்க வேண்டும். ஈ கம்பியின் அடிப்படை ஒலி 41 ஹெர்ட்ஸ் அளவில் இருப்பதால் கைபேசியின் சிறிய ஸ்பீக்கரில் அது கேட்கவே கேட்காது.

நேரில் பார்க்கும்போது

ஆம்ப் வைத்து வாசித்துப் பார்க்க முடிகிற இடத்தில்தான் சந்திக்க வேண்டும். பேருந்து நிலையத்திலும் ரயில் நடைமேடையிலும் கைமாறும் கருவியை எதைக் கொண்டும் சோதிக்க முடியாது. விற்பவரின் வீடோ, பயிற்சி அறையோ, தேவாலய மண்டபமோ நல்லது. உங்களுடைய கேபிள், ஸ்ட்ராப், டியூனர் ஆப் உள்ள போன், சிறிய ஆலன் கீ (அறுகோணச் சாவி) செட், ஒரு டார்ச், ஒரு புதிய 9 வோல்ட் பேட்டரி ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

முதலில் நெக். ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டின் மேல் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, அதாவது சுமார் 0.3 மில்லிமீட்டர் இருந்தால் சரி. பெரிய இடைவெளியோ, இடைவெளியே இல்லாததோ உடனே நிராகரிக்கத்தக்க குறை அல்ல. ஈரப்பதம் மாறும்போது மரத்தின் வளைவும் மாறும். இரண்டு பருவமழையும் பெறும் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது ஆண்டுதோறும் நடப்பது. நெக்கினுள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடு திரும்புகிறதா என்பதே கேள்வி. விற்பவரின் சம்மதத்தோடு, சரியான அளவு ஆலன் கீயை முழுவதும் உள்ளே செலுத்தி, கால் சுற்றுக்கும் குறைவாக மெல்லத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பழைய நிலைக்கே கொண்டுவாருங்கள். திரும்பாமல் இறுகியிருந்தாலும், முனை மழுங்கிச் சாவி வழுக்கினாலும், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். அதேபோல் பாடிப் பக்கத்திலிருந்து நெக்கின் நீளத்துக்குக் கண்ணை ஓட்டி, அது கயிறுபோல் முறுகியிருக்கிறதா என்று பாருங்கள். முறுகிய நெக்கை நிமிர்த்துவது நடைமுறையில் ஆகாத காரியம்.

அடுத்து, நான்கு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசியுங்கள். பொறுமை வேண்டும், ஆனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஓரிடத்தில் மட்டும் கரகரத்தால் அந்த ஃப்ரெட் எழும்பியிருக்கலாம். ஜி கம்பியில் ஐந்தாவதுக்கும் ஏழாவதுக்கும் இடையே ஒரு சுரம் மட்டும் சீக்கிரம் அடங்கிவிடுவது பல கருவிகளில் உள்ள இயல்பு. அதைக் குறையென்று சொல்லி விலை பேசுவது நியாயமில்லை. 12ஆம் ஃப்ரெட்டில் தொட்டு எழுப்பும் ஹார்மானிக்கும் அழுத்தி வாசிக்கும் சுரமும் டியூனர் ஆப்பில் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் பிரிட்ஜில் உள்ள திருகுகளைக் கொண்டு சரிசெய்யலாம்; அவை திரும்ப வேண்டும். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் இருந்த கருவிகளில் உப்புக்காற்றால் அந்தத் திருகுகள் துருவேறி அசையாமல் போயிருக்கும். ஒவ்வொன்றையும் லேசாக அசைத்துப் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள்.

வால்யூம், டோன் திருகிகளைச் சுழற்றும்போது வரும் கரகரப்பு பெரும்பாலும் தூசிதான். கான்டாக்ட் கிளீனர் போதும். ஜாக்கில் கேபிளை அசைக்கும்போது சத்தம் விட்டுவிட்டு வந்தால் சிறிய சால்டரிங் வேலை. ஆக்டிவ் கருவியென்றால், அதாவது பேட்டரியில் இயங்கும் மின்சுற்று உள்ளதென்றால், பேட்டரி அறையைத் திறந்து, கசிந்த பச்சைக் கறை இருக்கிறதா என்று பார்த்து, உங்கள் புதிய பேட்டரியைப் போட்டு வாசியுங்கள். ஹெட்ஸ்டாக் நெக்கோடு சேரும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒட்டிய விரிசலின் கோடு சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். பாடியில் கீறலும் பெயிண்ட் உதிர்வும் இருந்தால் மகிழ்ச்சியடையுங்கள். ஒலிக்கும் எடைக்கும் அவற்றால் ஒன்றும் ஆவதில்லை, விலை மட்டும் குறையும்.

பணம்

அதே மாடலின் இன்றைய புதிய விலையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல நிலையில் உள்ள தொடக்கநிலைக் கருவிக்கு அதில் பாதியிலிருந்து அறுபது விழுக்காடு வரை கொடுப்பது நியாயம் என்பது என் கணிப்பு. நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பக்கூடாது. ராணுவத்தில் இருக்கிறேன், இடமாற்றம் வந்துவிட்டது, பார்சலில் அனுப்புகிறேன் என்று அவசரப்படுத்துபவரோடு பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். விற்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும்: யுபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் எண்ணும் தேவையில்லை, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. அப்படிச் செய்யச் சொல்பவர் உங்கள் பணத்தை எடுக்கப் பார்க்கிறார். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

திருட்டுப் பொருளை வாங்கிவிடாமல் இருக்கப் பழைய பில்லைக் கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது. அப்போது ஒரு வெள்ளைத்தாளில் மாடல், சீரியல் எண், தொகை, தேதி, இருவர் பெயரும் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொண்டால் போதும்.

உங்கள் கனமான கருவியை விற்பது

இலகுவான கருவியைக் குறைந்தது இரண்டு மாதம் வாசித்து, தோள் அதை ஏற்றுக்கொண்டது என்று உறுதியான பிறகே பழையதை விற்பனைக்கு வையுங்கள். விளம்பரத்தின் முதல் வரியிலேயே எடையை எழுதுங்கள்; 4.6 கிலோ என்றால் 4.6 கிலோ என்றே எழுதுங்கள். கனமான கருவியின் ஒலிதான் வேண்டும் என்று தேடும் இளைஞர்களும் இருக்கிறார்கள், எடையை மறைத்தால் பார்க்க வந்தவர் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதில்தான் முடியும். பகல் வெளிச்சத்தில் முன்புறமும் பின்புறமும் படம் எடுத்து, கீறல்களைத் தனியாக அருகில் எடுத்துப் போடுங்கள். தூசி துடைத்து, நெக்கைச் சரிசெய்து, டியூன் செய்து வையுங்கள். விற்பதற்காகப் புதுக் கம்பி போடும் செலவு பொதுவாகத் திரும்பி வராது. மாற்றிய உதிரிப்பாகங்கள் இருந்தால் அதையும் எழுதி, பழைய பாகங்களைக் கூடவே கொடுத்துவிடுங்கள்.

எல்லைக்கு அப்பால் உள்ளவருக்குப் பார்சலில் அனுப்ப நேர்ந்தால், கம்பிகளை இரண்டு சுரம் அளவுக்குத் தளர்த்துங்கள், முழுவதும் அவிழ்க்க வேண்டாம். ஹெட்ஸ்டாக்கின் கீழே துணியைச் சுருட்டி முட்டுக்கொடுத்து, பெட்டியின் சுவரில் அது எங்கும் படாதவாறு குறைந்தது மூன்று அங்குல இடைவெளி விடுங்கள். விழுந்தால் முதலில் உடைவது அந்த இடம்தான். மழைக்காலமென்றால் கருவியைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, உள்ளே சில சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போடுங்கள். ஆக்டிவ் கருவியாக இருந்தால் பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள், கட்டும் ஒவ்வொரு கட்டத்தையும் போனில் வீடியோ எடுத்து, பெட்டியை ஒட்டும் முன்பே வாங்குபவருக்கு அனுப்பிவிடுங்கள்.